இரண்டாம் பக்கத்தில் எட்டு இல்லை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல் தைலத்தைத் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறாயா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் அண்ணன் போனபின் நான் இளைத்துவிடுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எடை பார்த்தேன், அப்படியே இருக்கிறது. எதிர் வீட்டம்மா தினமும் வந்து, "அழுதுடுங்கம்மா, உள்ளேயே வெச்சுக்காதீங்க" என்கிறார். வைத்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை என்றால் நம்பமாட்டார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் பியானோ சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ் நேற்று வந்திருந்தார். ஆகஸ்டில் புது இசை அறை திறக்கிறார்கள். உன் அண்ணன் எழுதிய உருப்படிகளை அன்றைக்குப் புத்தகமாக வெளியிடுகிறார்கள். கடைசியாக எழுதினாரே, ஒரே பியானோ முன்னால் இருவர் ஒட்டி உட்கார்ந்து நாலு கையால் வாசிப்பதற்கு, அதுவும் அதில் வருகிறது. அதை மேடையில் நீயும் நானும் வாசிக்க வேண்டுமாம். "ஸார் எழுதினதை ஸார் வீட்டுக்காரங்க வாசிச்சாதான் சரியா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான்.

கீழ்ப் பாகம் என்னுடையது. மேல் பாகம் உன் அண்ணன் தனக்காக எழுதிக்கொண்டது. அது இனி உனக்கு. இரண்டு பாகத்தின் நகலும் இத்துடன் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டைப் பற்றி வாயால் பேசினால் விளங்காது. தவிர, போனில் உன் பேச்சுக்கு நடுவே நான் நுழைய இடம் கிடைப்பதில்லை.

ஒன்றைக் கவனி. முதல் பக்கம் நடுவிலிருந்து ஐந்து கோட்டுக்கு மேலே 8 என்று போட்டுப் புள்ளிக்கோடு இழுத்திருக்கிறார். புத்தகத்துக்கு நோட்டு அடிக்கும் டைப்செட்டர் அது என்ன என்று கேட்டார். கோடு போகிற தூரம்வரை எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டும், கோட்டின் நுனியில் கீழ்நோக்கி ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அங்கே பழைய இடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இல்லாவிட்டால் உச்ச நோட்டுகளுக்கெல்லாம் ஏணிப்படி மாதிரி கூடுதல் கோடு போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். கான்வென்டில் எங்கள் மதர், கொக்கி போடாமல் விடுகிறவளை, "கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு வருகிறவள்" என்பார். உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் நீ காதால் வாசிக்கிறவள். கண்ணாலும் வாசி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 23

என் அருமை அண்ணிக்கு,

நான் நலம், என் தோள்பட்டை மட்டும் தனி வழியில் போகிறது. டாக்டரைப் பார்த்தேன். பல் டாக்டரை. சிரிக்காதீர்கள். அடுத்த தெருவில் இருக்கிறார், ரிட்டயரான பின் என்னிடம் பியானோ கற்றுக்கொள்ள வருகிறார். தோளைப் பற்றிக் கேட்டதற்கு, "மேடம், கழுத்துக்குக் கீழே எனக்கு அதிகாரம் இல்லை" என்றுவிட்டார்.

கவரைப் பிரித்து அண்ணா கையெழுத்தைப் பார்த்ததும் நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். உங்களுக்கு எதிர் வீடு, எனக்குப் பக்கத்து வீடு. கட்டாயம் வருகிறேன் அண்ணி. என்னைக் கேட்காமல் சரி என்றதற்கு ஒரு சண்டை போட்டிருப்பேன், இந்தத் தடவை மன்னித்துவிட்டேன்.

பல் டாக்டரை உட்கார வைத்து உங்கள் பாகத்தை வாசிக்கச் சொல்லிப் பழகுகிறேன். ஒவ்வொரு நோட்டையும் குறடு போட்டுப் பிடுங்குகிற மாதிரி வாசிக்கிறார். முதல் பக்கம் ஒரு தொல்லையும் இல்லை. நான் எங்கோ மேலே, அவர் எங்கோ கீழே. நடுவில் இன்னொருவர் உட்காரலாம். இரண்டாம் பக்கம் திருப்பியதும் ரகளை. என் இடது கை போய் இறங்குகிற கட்டையில் எல்லாம் அவர் வலது கை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. "மேடம், இது என் சீட்டு" என்கிறார். அவர் விரல் ஒவ்வொன்றும் என் இரண்டு விரல் கனம். ஓரிடத்தில் இருவரும் ஒரே கட்டையை ஒரே நேரத்தில் அடித்து அவர் நகம் என் விரலில் பட்டுக் கன்றிவிட்டது.

முதல் பக்கக் கடைசியில் புள்ளிக்கோடு ஓரம்வரை ஓடுகிறது. கொக்கி இல்லை. இரண்டாம் பக்கத்தில் எட்டே இல்லை. பக்கம் திரும்பும்போது அண்ணா இறங்கிவிட்டார் என்றுதானே அர்த்தம்? நான் எங்காவது தப்புப் பண்ணுகிறேனா? நீங்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் குட்டி


ஏப்ரல் 1

அன்புள்ள குட்டிக்கு,

கடிதம் வந்தது. விரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

இரண்டாம் பக்கம் முழுவதற்கும் எட்டு உண்டு. விட்டுப்போயிருக்கிறது. கொக்கி இல்லை என்றால் கோடு முடியவில்லை என்று அர்த்தம். அடுத்த வரியின் தலையில் மறுபடி 8 என்று எழுதிக் காட்டியிருக்க வேண்டும், எழுதவில்லை. அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. உன் நகலில் பென்சிலால் இரண்டாம் பக்கத்தின் முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டுவரை எட்டும் புள்ளிக்கோடும் போட்டுக்கொள். கடைசியில் கொக்கி. ரூலர் வைத்துப் போடு. டைப்செட்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

அப்படி வாசித்தால் இடிக்காது. பல் டாக்டரின் சீட்டு அவருக்கே.

இங்கே சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான், வரவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். விரல் ஆறிவிட்டது, மனசுதான் ஆறவில்லை.

நீங்கள் சொன்னபடி பென்சிலால் போட்டேன். ரூலர் வைத்துத்தான். வாசித்தேன். அழகாகத்தான் இருக்கிறது, பொம்மைக் கடையில் சாவி கொடுத்த பெட்டி மாதிரி. மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நீங்களும் நகலை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரி, வலது கையில் ஒரே ஒரு உச்ச நோட்டு. ஐந்து கோட்டுக்கு மேலே ஆறு கூடுதல் கோடு போட்டு, அதன் தலையில் எழுதியிருக்கிறார். அது இருக்கிற இடத்திலேயே பியானோவின் கடைசிக் கட்டைக்குக் கிட்டே. அதையும் எட்டு மேலே வாசி என்றால் கட்டைக்கு எங்கே போவேன்? பியானோ முடிந்துபோகிறது. பல் டாக்டர், "அங்கே ஒரு பூ ஜாடி இருக்கு மேடம், அதைத் தட்டுங்க" என்கிறார்.

அண்ணி, கூடுதல் கோடு போடுவதென்றால் அண்ணாவுக்கு எட்டிக்காய். எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கிறார், "ஏணி போட்டு ஏறாதே, எட்டுப் போட்டு ஏறு" என்று. அவரே ஆறு கோடு ஏணி போட்டிருக்கிறார் என்றால் அந்தப் பக்கத்தில் எட்டு வரக் கூடாது என்று தீர்மானம் பண்ணித்தானே எழுதியிருக்கிறார்? இது எனக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு புள்ளி விட்டுப்போனால் அச்சகத்துக்கே நடந்துபோய்ச் சண்டை போடுகிறவர் நீங்கள். இல்லாத கோட்டை ஒரு பக்கம் முழுக்க நீங்கள் இழுக்கச் சொன்னால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

நீங்கள் இருவரும் இதை வாசித்துப் பார்த்தீர்கள்தானே? அப்போது என்ன செய்தீர்கள்?

குழாய்க்காரன் வந்தானா?

உங்கள் குட்டி


மே 30

அன்புள்ள குட்டிக்கு,

தாமதத்துக்குக் காரணம் ஒன்றும் இல்லை. வேலைகள். குழாய்க்காரன் வந்தான். ஒரு வளையம் தேய்ந்திருந்ததாம். இப்போது சொட்டுவதில்லை. அந்தச் சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

பீரோவில் அவர் பக்கத்தைக் காலி செய்தேன். சட்டைகளைத் தேய்த்துத் தானமாகக் கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய். மடிக்கும்போது ஏதாவது தோன்றும் என்று நானும் எதிர்பார்த்தேன். கழுத்துப் பட்டியில் கஞ்சி போதவில்லை என்றுதான் தோன்றியது. பியானோவுக்கும் ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனார். மூடிய மூடியின்மேல் தூசி நிற்கிறது என்றார். துடைக்கிறேன் என்றேன்.

மூன்றாவது வரி உச்ச நோட்டு: அதற்கு மட்டும் எட்டு வேண்டாம். எழுதியிருக்கும் இடத்திலேயே வாசி. மற்றதெல்லாம் மேலே. மேடையில் இரண்டு வயதான பெண்கள் கையோடு கை இடித்துக்கொண்டால் பார்க்கவும் நன்றாக இராது. ஜூலைக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. இதைப் பற்றி இனி எழுத வேண்டியதில்லை.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

நான் நலம்.

இரண்டு மாசம் ஆகப்போகிறது, நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. குழாய்க்குப் பதில் வந்திருக்கிறது, பீரோவுக்குப் பதில் வந்திருக்கிறது, அதற்கு வரவில்லை.

டைப்செட்டருக்குப் போன் பண்ணினேன். ஆமாம், உங்களுக்குத் தெரியாமல்தான். "ரெண்டாம் பக்கத்துல எட்டு இருக்குங்களா? இருந்தா எடுத்துடுங்க" என்றேன். "ஐயா எழுதினதுல இல்லைங்க. அம்மா போடச் சொன்னாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். யார் ஐயாவுக்கு ரொம்ப வேண்டியவங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

யார் ரொம்ப வேண்டியவர் என்ற போட்டிக்கு நான் வரவில்லை. ஆனால் எனக்கும் அவர் அண்ணன். நீங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் மடியில் உட்கார்ந்து நான் பியானோவைத் தட்டியிருக்கிறேன். அவர் கடைசியாக எழுதின ஒன்றை, அவர் எழுதாத மாதிரி, அவர் பெயர் போட்ட புத்தகத்தில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அவர் பாட்டைத் திருத்துகிறீர்கள் என்று மற்றவர் சொல்லிக் கேட்டிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உங்களிடம் நாத்தனார் வேலை காட்டியதில்லை, இப்போது காட்ட வைக்கிறீர்கள்.

எட்டுப் போட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்றால் நான் வரவில்லை. அங்கேயே யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

குட்டி


ஜூன் 19

அன்புள்ள குட்டிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

வாசித்தோம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். அவரால் நெடுநேரம் உட்கார முடியாது, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தேன். அவர் எழுதினதைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொடுப்பது எப்போதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். அவர் கோட்டை இழுத்துவிட்டு விட்டுவிடுவார், கொக்கி போடுவது என் வேலை. இதற்கு இன்னும் பிரதி எடுக்கவில்லை. மை காய்ந்த அந்தத் தாளையே வைத்து வாசித்தோம்.

இரண்டாம் பக்கம் திரும்பியதும் இடித்தது. நான் நிறுத்தினேன். "எட்டு விட்டுப்போச்சு" என்றேன்.

"விட்டுப்போகல. போடல" என்றார்.

"அங்க என் கை இருக்கே."

"தெரியும்."

"அப்புறம் எப்படி வாசிக்கிறது?"

"வாசி, பார்க்கலாம்" என்றார்.

வாசித்தோம். அந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான் வருகிறது. அவர் இடது கை என் வலது கைமேல், இல்லாவிட்டால் கீழே, இல்லாவிட்டால் இரண்டு விரலுக்கு நடுவே. முடிகிறவரை. வாசித்து முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை வாசித்தோம். பிறகு அவருக்கு இருமல் வந்தது, போய்ப் படுத்தார்.

அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, இடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அதற்காகத்தான் எட்டு. உச்ச நோட்டு விஷயம் எனக்கு முன்பே தெரியும்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

உன் அண்ணி


ஜூன் 29

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து உட்கார்ந்து முடித்தேன். உங்கள் உடம்பைக் கேட்கிறேன், என் உடம்பைக் கேட்காதீர்கள். இரண்டு நாள் பாடம் எடுக்கவில்லை. பல் டாக்டர் வந்து கதவைத் தட்டினார், தலைவலி என்று அனுப்பிவிட்டேன். "பல் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணாவுக்கு இவ்வளவு குறும்பா! மூச்சு வாங்கிக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு! கல்யாணமான புதிதில் வீடு நிறைய ஆள் இருக்கும்போது நீங்கள் இருவரும் ஓயாமல் நாலு கை வாசிப்பீர்களே, அம்மாகூட, "ரெண்டு பேருக்கும் சாதகத்துல என்ன அக்கறை!" என்று ஆச்சரியப்படுவாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னைப் போல் மண்டு உண்டா? நானும் நடுவில் வந்து உட்காருவேன் என்று அடம்பிடித்தேன், நீங்கள் என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிவிட்டீர்கள்.

அண்ணி, நான் போன கடிதத்தில் எழுதினதை எல்லாம் எடுத்துவிடுங்கள். டைப்செட்டருக்கு இனி நான் போன் பண்ணமாட்டேன். எட்டுப் போட வேண்டுமா, போடுங்கள். அந்த உச்ச நோட்டுக்குப் பூ ஜாடியைத் தட்டச் சொன்னாலும் தட்டுகிறேன். அது உங்கள் பக்கம். எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி வாசிக்கிறேன். வருகிறேன்.

உங்கள் குட்டி


ஜூலை 16

அன்புள்ள குட்டிக்கு,

நலம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், உன் வயதுக்காரிக்கு இருக்க வேண்டியது எனக்கு இருக்கிறதாம்.

உன் பின்னலை நான் பிடித்து இழுத்ததில்லை. கையைப் பிடித்து இறக்கினேன்.

ப்ரூஃப் வந்தது. இரண்டாம் பக்கத்தின் தலையில் எட்டு, சீரான புள்ளிக்கோடு, முடிவில் கொக்கி. மிகச் சரியாக இருந்தது. மதர் பார்த்திருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பார். காலையில் மேஜைமேல் வைத்தேன், மாலைவரை அங்கேயே இருந்தது. கீழே என் பாகம், மேலே அவர் பாகம், நடுவில் ஒரு ஸ்தாயி காலி. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோடு முழுவதையும் அடித்தேன். முதல் பக்கக் கடைசியில், ஓரத்தில், அவர் விட்ட கொக்கியைப் போட்டேன். டைப்செட்டர், "முடிவாத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி வாசிப்புக்கு. உன் இடது கை மேலே இருக்கட்டும், என் வலது கை கீழே. நீ அடிக்க வரும் கட்டையை நான் பிடித்திருந்தால், நீ வருவதற்கு ஒரு கணம் முன்னால் விட்டுவிடுவேன். நீ தயங்காதே. தயங்கினால்தான் நகம் படும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. மோதிரம் வேண்டாம், வளையல் வேண்டாம். முதல் நாளே வந்துவிடு. முதல் பக்கத்தைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். இரண்டாம் பக்கம் வேண்டாம், அது எனக்குத் தெரியும்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூங்கித் தூங்கி விழுந்தேன், தோள் மட்டும் விழித்திருந்தது. நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் தனியாக வந்து என்ன சொன்னார் தெரியுமா? "இரண்டாம் பக்கத்துல ஒரு இடத்துல கீழ்ப் பாகம் அப்படியே நின்னுபோய் மேல் பாகம் மட்டும் தனியா வருதே, அது ரொம்ப அழகு. ஸார் எப்படித்தான் யோசிச்சாரோ!" என்றார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துகொள்வார். பார்க்கமாட்டார்.

அண்ணி, நீங்கள் நோட்டை விட்டு நான் பார்த்ததே இல்லை. பக்கம் திரும்பி மூன்றாவது தாளக் கட்டமோ நாலாவது கட்டமோ, என் கை உங்கள் கைமேல் வந்ததும் உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. எடுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. நான் நிறுத்தலாமா என்று நினைத்தேன், நிறுத்தினால் திட்டுவீர்கள் என்று போய்க்கொண்டே இருந்தேன். நீங்கள் அந்த வரி முழுவதும் விட்டு, அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டீர்கள். பிறகு வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாத்திரம் கழுவினீர்கள். கதவைப் பூட்டினீர்கள். எனக்குப் போர்வை எடுத்துப் போட்டீர்கள்.

நான் அழுத்தி அடித்துவிட்டேனா? நகத்தை வெட்டிக்கொண்டுதான் வந்தேன். தப்பு என்னுடையது என்றால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். உடம்புக்கு ஏதாவது என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

உங்கள் குட்டி


செப்டம்பர் 3

அன்புள்ள குட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்மேல் தப்பும் இல்லை. சரியான நேரத்தில், சரியான கட்டையில் வந்தாய். நான்தான் விட்டேன், நாலாவது கட்டத்திலிருந்து அந்த வரி முடிய. ஹெட்மிஸ்ட்ரஸ் அதை அழகு என்றாரா? இசைப் பள்ளியை நடத்த வேண்டியவர்.

உன் அண்ணன் கை எப்போதும் சில்லென்று இருக்கும். வெயில் காலத்திலும் அப்படித்தான். அவர் விரல் வந்து படும்போது எனக்கு முதலில் தெரிவது அந்தக் குளிர்தான். இத்தனை வருஷத்தில் அதற்காகவே என் கை கொஞ்சம் இறுக்கமாகக் காத்திருக்கும், எனக்கே தெரியாமல். மேடையிலும் காத்திருந்தது. பக்கத்தைத் திருப்பினார்கள், எண்ணிக்கொண்டே வந்தேன், நாலாவது கட்டம் வந்தது, உன் கை வந்து படிந்தது.

சூடாக இருந்தது.

அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார். நீ சொன்னாய். எதிர் வீட்டம்மா தினமும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் புது இசை அறையின் பெயர்ப்பலகையில் எழுதி மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் நான் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். உன் கையின் சூடு பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்வதென்று விளங்கவில்லை. கட்டையின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மேலே நீ வாசிப்பது கேட்டது. எந்த இடத்தில் இருக்கிறாய் என்பதும் தெரிந்தது. அடுத்த வரியின் தலையில் நுழைந்துகொண்டேன்.

நீ போனபிறகு ஒரு வாரம் நான் சரியாக இல்லை. அதை விவரித்து எழுத எனக்குத் தெரியாது. நீ எழுதுவாய், உனக்கு அந்தப் பாஷை வரும். இப்போது பரவாயில்லை. எழுந்து குளித்துச் சாப்பிடுகிறேன்.

நேற்று இரண்டாம் பக்கத்தைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். என் பாகம் மட்டும். நாலாவது கட்டத்திலிருந்து விட்ட வரியை முழுவதும் வாசித்தேன். கடினமான வரி இல்லை.

நீ நிறுத்தாமல் போனது சரி. இன்னொரு தடவை நான் விடமாட்டேன். எப்போது வருகிறாய்?

உன் அண்ணி